தேரை மோந்த தேங்காயும் இன்னும் சில கேள்விகளும்

(இந்த இதழின் வாசகர் கேள்விகள் எல்லாமே ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. பதில் சொல்பவர் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உச்சிப்புளி பக்கம் வசிக்கிறார்.)

ஐயா, விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பூச்சிகளையும் தவளைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கும் தோழிகளுக்கும் ஆசை. "இங்கே கருவக்காட்டையும் உப்புத்தரையையும் தவிர என்ன இருக்கிறது, மலைப்பக்கம் போனால்தான் ஏதாவது கிடைக்கும்" என்கிறார்கள். எங்கே, எப்போது தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

வாம்மா. உங்களை மலைக்குப் போகச் சொன்னவர்கள் ஐப்பசி மழை விட்ட ராத்திரியில் ஒரு ஊருணிக் கரையில் நின்றிருக்க மாட்டார்கள். நின்றிருந்தால் பேசுவதற்கே முடிந்திருக்காது. தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது.

ஒரு சங்கதி தெரியுமா? மலைத் தவளைகள் பலவற்றுக்குப் பெயர் வைக்கும் முன்பே நம் சமவெளித் தவளைகளுக்கு அறிவியல் பெயர் வைத்தாகிவிட்டது. வீட்டு முற்றத்தில் விளக்கடியில் உட்கார்ந்திருக்குமே, அந்தச் சொரசொரப்புத் தேரைக்கும், மணலுக்குள் புதைந்து கிடக்கும் குட்டைத் தவளைக்கும் 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் பெயர் சூட்டினார். இந்தியாவிலிருந்து சாராயத்தில் ஊறிக்கொண்டு கப்பலில் போன தவளைகள் அவை. அந்தக் காலத்தில் தரங்கம்பாடி இதற்கெல்லாம் பெரிய இடம். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் அங்கே வந்து சேர்ந்தார். செடியும் பூச்சியுமாகச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஜான் என்ற பாதிரியார் மீனும் பாம்புமாக பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் அந்த ஜான் இருக்கிறார்.

நம் மாவட்டத்தில் நடந்தது வேறு. இங்கே வந்தவர்கள் எல்லாரும் கடலைத்தான் பார்த்தார்கள். குருசடைத் தீவின் கடல் உயிரினங்களைப் பற்றி 1927-இலேயே சென்னை அருங்காட்சியகம் தனிப் புத்தகம் போட்டது. அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி சிலந்தியும் வண்டும் படித்தவர் என்பது கூடுதல் வேடிக்கை. பிறகு மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கடல் அட்டை, கடல் பசு, பவளம் என்று எழுதிக் குவித்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் கரையிலிருந்து நாலு எட்டு உள்ளே வந்து, ரோட்டோரப் பள்ளத்தில் என்ன கத்துகிறது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு. இது என்னுடைய வெகுநாள் குறை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். நமக்கு மழை என்றால் வாடை மழைதான், ஐப்பசியும் கார்த்திகையும். பூச்சிக்காரர்கள் உலகம் முழுக்க ஜூலைக் கடைசியில் விட்டில் பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் அப்போது கச்சான் காற்று அடிக்கிற அடியில் கட்டின வேட்டியே பறந்துவிடும். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். முதல் நல்ல மழை பெய்த ராத்திரியும் அடுத்து வரும் சில ராத்திரிகளும்தான் முக்கியம். பலூன் தவளை என்று ஒன்று உண்டு, யுபெரோடான் சிஸ்டோமா. உருண்டை உடம்பு, சின்னத் தலை. வருஷத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கரையான் தின்றுகொண்டு கிடக்கும். மழை விழுந்ததும் வெளியே வந்து, தேங்கிய தண்ணீரில் மிதந்துகொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். முட்டை இட்டதும் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். தேர்வு முடியட்டும் என்று நீங்கள் காத்திருந்தால் அது உங்களுக்காகக் காத்திருக்காது.

இடம் நிறைய வேண்டாம். ஒரு ஊருணிக் கரை, ஒரு பனங்காட்டு மணல், உப்புத்தரையின் ஓரம் ஒன்று. இந்த மூன்றுக்கும் மாதா மாதம், அதே நேரத்தில், அதே பாதையில் போங்கள். புது இடம் தேடி ஓடுவதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கடைசியாக மழை பெய்தது என்றைக்கு, காற்று எந்தப் பக்கம், நிலா உண்டா இல்லையா, கூட வந்தவர்கள் யார் என்று எழுதுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையா, "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். அதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து "இந்தத் தவளை இங்கே எப்போதிலிருந்து இல்லை?" என்று கேட்டால், அந்த வெற்று நாள்கள்தான் பதில் சொல்லும்.

ராத்திரி பூச்சி பார்க்க, இரண்டு கம்புக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி முன்னால் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் போதும். அமாவாசையை ஒட்டிய நாள் நல்லது. ஊருணிக்குப் பக்கத்தில் கட்டினால் தண்ணீர்ப் பூச்சிகளும் பறந்து வரும். ஊருணித் தண்ணீரிலேயே பழுப்பு நிறத்தில் தட்டையான நீர்ப்பூச்சி ஒன்று இருக்கும், முதுகு முழுக்க முட்டையை வரிசையாக அடுக்கியிருக்கும். பார்த்தவுடன் தாய் என்று நினைப்பீர்கள். அது அப்பன். பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும், குஞ்சு பொரிக்கிறவரை அவன்தான் சுமக்க வேண்டும். தண்ணீரில் பிடித்துப் பார்த்தால், முட்டைக்குக் காற்றுப் படட்டும் என்று முதுகை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பான். ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் இந்த ஒன்றிலேயே ராத்திரி போய்விடும்.

தனியாகப் போகாதீர்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கால் மறைக்கும் செருப்பு போடுங்கள், நம் மணலில் சுருட்டை விரியன் உண்டு. கையில் கொசு மருந்து தடவிக்கொண்டு தவளையைத் தொட வேண்டாம், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். தொட்டே ஆக வேண்டும் என்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்.

தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சில மரங்களில் தேங்காய் உள்ளே பருப்பே இல்லாமல் இருக்கிறது. தேரை மோந்த காய் என்று சொல்லித் தோட்டக்காரர் தேரையை அடித்துப் போடுகிறார். நிஜமா?
– விவசாயி, தங்கச்சிமடம்

அண்ணே, முதலில் அந்தக் கம்பை வாங்கி வையுங்கள்.

தென்னை மட்டை இடுக்கில் இருப்பது பாலிபெடேட்டஸ் என்கிற மரத்தவளை. விரல் நுனியில் வட்டமாக ஒட்டுப் பட்டை இருக்கும், அதனால் சுவர், கண்ணாடி, குளியலறை ஓடு எல்லாவற்றிலும் ஏறும். வெயில் காலத்தில் ஈரம் தேடி மட்டை இடுக்கில் ஒண்டுகிறது. ராத்திரி இறங்கி வந்து பூச்சி தின்கிறது. காயை மோப்பம் பிடித்தோ மூச்சு விட்டோ உள்ளே இருக்கிற பருப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டைத் துளைக்கிற அளவுக்குப் பல்லும் அதனிடம் இல்லை, நகமும் இல்லை.

பருப்பு பிடிக்காத ஒல்லிக்காய்க்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் சாப்பாட்டிலும் மகரந்தச் சேர்க்கையிலும் இருக்கும். சாம்பல் சத்து, போரான் பற்றாக்குறை இருக்கிறதா என்று மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள். மணல் தரையில் சத்து நிற்பதில்லை. காய் மேல் பழுப்பாகச் சொரசொரப்பும் வெடிப்பும் இருந்தால் அது ஈரியோபைட் சிலந்திப்பேன், 1998-இல் கேரளத்தில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. பேன் என்கிறோமே தவிர அது பூச்சி இனமே இல்லை, சிலந்திக்குச் சொந்தம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. விரிந்த ஓலையில் முக்கோணமாக வெட்டு விழுந்திருந்தால் காண்டாமிருக வண்டு. குருத்தில் இருக்கும்போதே அது துளைத்திருக்கும், ஓலை விரிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். எருக்குழியைக் கிளறிப் பாருங்கள், அதன் புழு அங்கேதான் இருக்கும்.

தேரை பாவம், மேலே உட்கார்ந்திருந்ததற்காகப் பழி சுமக்கிறது.

என் மகன் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைக்கிறான். என் பள்ளி மாணவர்கள் பட்டாம்பூச்சியை நோட்டில் ஒட்டிக் கொண்டு வருகிறார்கள். கொல்லாமல் பதிவு செய்ய வழியே இல்லையா?
– ஆசிரியை, பெரியபட்டினம்

பொன்வண்டுக்கு வேல இலை போட்டு, ராத்திரிக்குள் திறந்து விட்டுவிடச் சொல்லுங்கள். நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அதில் ஆசை வந்த பிள்ளைதான் பிறகு பூச்சி பக்கம் வரும், அதட்டி விரட்டிவிடாதீர்கள். நோட்டில் ஒட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். நோட்டில் நசுங்கிய பட்டாம்பூச்சி யாருக்கும் எதையும் சொல்லாது.

வழி இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு. பட்டாம்பூச்சி, தட்டான், தவளை மூன்றுக்கும் நல்ல படம் போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பட்டாம்பூச்சி என்றால் இறக்கையை மூடியிருக்கும்போது அடிப்பக்கம் கட்டாயம். தவளை என்றால் பின்னங்காலையும் எடுங்கள். மணல் தவளையின் குதிகாலில் மண்வெட்டி அலகு மாதிரி ஒரு கெட்டியான முகடு இருக்கும், அதை வைத்துத்தான் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அந்த முகடு தெரியாத படத்தை வைத்து யாரும் உறுதியாகப் பெயர் சொல்ல மாட்டார்கள். கத்துகிற சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்தால் இன்னும் விசேஷம். ஒரே மாதிரி தெரியும் தவளைகள் ஒரே மாதிரி கத்துவதில்லை. எடுத்ததை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் இடமும் தேதியும் போட்டு ஏற்றினால், தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். செப்டம்பரில் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் நடத்துகிறார்கள், பள்ளியாகவே கலந்துகொள்ளலாம்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பாதி. சின்ன வண்டு, ஈ, குளவி, பல விட்டில்கள் எல்லாம் படத்தில் பிடிபடாது. உருப்பெருக்கியில் வைத்து, சிலவற்றில் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். ஆராய்ச்சியாளர் ஒன்றிரண்டைச் சேகரிக்கிறார் என்றால் அதில் கொடுமை எதையும் நான் பார்க்கவில்லை. உங்கள் தெருவிளக்கடியில் ஒரே ராத்திரியில் அதைவிட அதிகம் சாகிறது. ஆனால் சேகரித்தால் ஒழுங்காகச் சேகரிக்க வேண்டும். வண்டுக்கு ஊசி வலப்பக்க முன்னிறக்கையில் குத்த வேண்டும், நடுவில் இல்லை. பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில். புழுவும் மென்மையான உடம்புக்காரர்களும் எழுபது சதவீத சாராயத்துக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே துண்டுச் சீட்டு. ஊசியில் பூச்சிக்குக் கீழே விரல் நகம் அளவுக் காகிதம் ஒன்று கோத்திருக்கும். நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எப்படிப் பிடித்தது, பிடித்தவர் பெயர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சீட்டு எழுதுவது என் வேலை. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதச் சொல்வார்கள், 5.11 என்று எழுதினால் நவம்பர் ஐந்தா, மே பதினொன்றா என்று பின்னால் வருகிறவர் குழம்பக் கூடாது என்பதற்காக. பேனா கூடாது, பென்சில். சாராயம் பட்டால் மை கரைந்துவிடும். வந்து போன எத்தனையோ பேராசிரியர்கள் பூச்சியின் அழகைப் பேசினார்கள், எனக்கு அந்தச் சீட்டின் மேல்தான் மரியாதை. சீட்டு இல்லாத பொன்வண்டு வெறும் பொம்மை. கால் உடைந்து, கொம்பு போய், இறக்கை பாதி போன வண்டுக்கு ஒழுங்கான சீட்டு இருந்தால் அது சாட்சி.

தவளையை மட்டும் நீங்களோ மாணவர்களோ கொன்று பதப்படுத்த வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து, மரபணுவுக்காக ஒரு துணுக்குத் தசையைத் தனியே சாராயத்தில் எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் உடம்பைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட வேண்டும். வரிசை மாறினால் ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். அது அனுமதி வாங்கிய ஆராய்ச்சியாளர் வேலை. 1972-ஆம் வருஷ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில தவளைகளும் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன, 2022-இல் பட்டியலை மாற்றியும் இருக்கிறார்கள். அவற்றைப் பிடிக்க மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் மாதிரி பறவைச் சரணாலயங்களுக்கும் வனத்துறையிடம் கேட்காமல் வலையோடு போகக் கூடாது. ஒரு காலத்தில் தவளைக் கால் கப்பல் கப்பலாகப் போன நாடு இது. 1987-இல்தான் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். வெட்டிப் படிப்பதற்காகக் கல்லூரிகளும் கணக்கில்லாமல் வாங்கின. வயலில் பச்சைத் தவளையைப் பிடித்துச் சாக்கில் கொண்டு வருகிறவர்களிடம் எண்ணி வாங்கி வைத்த ஆள் நான், அதனால் தெரியும்.

ஐப்பசி வாக்கில் கடலுக்குள் போனால், கரையே தெரியாத இடத்தில் தட்டான் கூட்டம் கூட்டமாகப் போகிறது. சில நேரம் பட்டாம்பூச்சியும் வந்து படகு விளிம்பில் உட்காரும். இதெல்லாம் எங்கே போகிறது?
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், தம்பி.

மஞ்சளும் பழுப்புமாக, இறக்கை அகலமாக, உட்காராமல் மிதந்துகொண்டே போகும் தட்டானா? அப்படியானால் அது பெரும்பாலும் பன்டாலா. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் அங்கே லட்சக்கணக்கில் தட்டான் வந்து இறங்குவதைப் பார்த்தார். மாலத்தீவில் தட்டான் முட்டையிட நல்ல தண்ணீர் அநேகமாகக் கிடையாது. பிறகு எங்கிருந்து, எதற்கு? வருஷக்கணக்கில் தேதி குறித்து வைத்து, அவை இந்தியாவிலிருந்து வாடைக் காற்றில் ஏறி மாலத்தீவைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தட்டான் போய்த் திரும்புவதில்லை. மழைக்குட்டையில் முட்டையிட்டு, பிள்ளை, பேரன் என்று தலைமுறை மாற மாறப் பயணம் தொடர்கிறது. நம் ஊர் ரோட்டோரக் குட்டையில் பிறந்த ஒன்று ஆப்பிரிக்கா போகும் கூட்டத்தில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆண்டர்சன் செய்ததில் பெரிய கருவி எதுவும் இல்லை. பார்த்த தேதியை எழுதினார், அவ்வளவுதான்.

பட்டாம்பூச்சியில் இரண்டு வகையை எதிர்பார்க்கலாம். வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை என்றால் கொன்றை இலை தின்று வளர்ந்தது, கேட்டோப்சிலியா. இலங்கையில் அது சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறது என்பார்கள். இறக்கை கருப்பு, உடம்பு ரத்தச் சிவப்பு என்றால் அதன் பிறந்த வீடு ஆடுதின்னாப்பாளை. கமுதி, முதுகுளத்தூர் கரிசல் பக்கம் ஆடுகூட வாய் வைக்காமல் ஒதுங்கும் கசப்புச் செடி. அதன் விஷத்தைப் புழு தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, பட்டாம்பூச்சி ஆன பிறகும் அந்த விஷம் போவதில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்தாலே பறவைக்குப் புரிந்துவிடும். அதனால்தான் அவசரமே இல்லாமல் பறக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். காற்றில்லாத நேரம், கடல்மேல் மெல்லிய காலோடு சறுக்கி ஓடும் சின்னப் பூச்சி கண்ணில் பட்டிருக்கும். ஹேலோபேட்டஸ். உலகத்தில் இத்தனை லட்சம் பூச்சி இனம் இருந்தும் நடுக்கடலில் குடும்பம் நடத்துவது இந்தப் பேரினத்தின் ஐந்தே ஐந்து இனங்கள். இறக்கை கிடையாது, பறக்காது. மிதக்கும் இறகு, மரத்துண்டு மேல் முட்டையிடும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். படகில் ஜிபிஎஸ் இருக்குமே. அடுத்த தடவை கூட்டத்தைப் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நேரம், காற்று வாடையா கொண்டலா, எந்தத் திசை நோக்கிப் போகிறது, இவ்வளவும் போதும். கரையில் இருக்கிற எங்களால் அந்த வரியை எழுதவே முடியாது. அதற்காக எல்லையைத் தாண்டிப் பின்னால் போய்விடாதீர்கள். தட்டானை யாரும் பிடித்து வைப்பதில்லை.

நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனை ராமநாதபுரத்தில் எங்கே பார்க்கலாம்?
– வாசகர், தொண்டி

2019-இல் அறிவித்தார்கள். அது மலைக்காட்டுக்காரர், மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம்தான் பார்க்க முடியும். தொண்டியில் தேட வேண்டாம். உங்களுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன்: கடலோரத்தில் உகாய் மரமோ இசங்கு முள்ளோ இருக்கும் இடத்தில் காலை ஒன்பது மணி வெயிலுக்குப் போய் நில்லுங்கள். இளஞ்சிவப்பும் கருப்புமாகத் தரையோடு தரையாகப் பறக்கும் சின்னப் பட்டாம்பூச்சி, கோலோட்டிஸ் அமட்டா. வறண்ட முள்காடுதான் அதற்குப் பிடிக்கும். பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1775-லேயே பெயர் வைத்துவிட்டார். எனக்கு அதுதான் நம் மாவட்டப் பட்டாம்பூச்சி, அரசாங்கம் கேட்டால் சொல்வேன்.

தனுஷ்கோடியில் இரு பக்கமும் கடல். அங்கே தவளை வாழ முடியுமா?
– சுற்றுலா வாகன ஓட்டுநர், ராமேஸ்வரம்

கடலில் முடியாது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. உப்புத் தண்ணீரில் விட்டால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் வெளியே போய்விடும். தென்கிழக்கு ஆசியாவில் நண்டு தின்னும் தவளை ஒன்று மட்டும் யூரியாவை ரத்தத்தில் தேக்கிவைத்து உப்பங்கழியில் சமாளிக்கிறது. நம் தவளைகளுக்கு அந்த வித்தை தெரியாது.

ஆனால் தனுஷ்கோடியில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறதே, நீங்களே பயணிகளுக்குக் காட்டியிருப்பீர்கள். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. தேட வேண்டிய இடம் அதுதான்: குடிநீர்க் குழிகள், மழைக்குப் பிறகு மணல்மேடுகளுக்கு நடுவே தேங்கும் பள்ளங்கள். பகலில் தேடிப் பயனில்லை.

தீவுக்குத் தவளை எப்படி வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. நம் பாக் நீரிணை அவ்வளவு ஆழமில்லை. இலங்கை வரை தரைதான், தவளை நடந்தே போய் வந்திருக்கும். முதுகில் செங்கல் நிறத் திட்டுகளோடு ஒரு தவளை இருக்கிறது. 1934-இல் பார்க்கர் என்ற விலங்கியலாளர் அதற்கு இலங்கையின் பழைய பெயரான தப்ரபேன் என்பதை வைத்துப் பெயர் சூட்டினார். அதே தவளை தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இருக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் பழைய பூச்சிப் பெட்டிகளும் தவளை பாட்டில்களும் இருக்கின்றன. பாதி தூளாகிவிட்டது. புதுக் கட்டடத்துக்கு மாறுகிறோம், தூக்கிப் போட்டுவிடலாமா?
– தலைமை ஆசிரியர், சாயல்குடி

சார், ஒரு வாரம் பொறுங்கள்.

பெட்டிக்குள் தூள் என்றால் உள்ளே டெர்மஸ்டிட் வண்டு இருக்கிறது. செத்த பூச்சியைத் தின்பதுதான் அதன் பிழைப்பு, ரோமம் வைத்த சின்னப் புழுவாகத் தெரியும். பெட்டியை பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம், பத்து நாள் வைத்தால் செத்துவிடும். யாராவது ஐஸ்கிரீம் கடைக்காரரைக் கேளுங்கள், உள்ளே என்ன என்று சொல்ல வேண்டாம். ரசகற்பூர உருண்டை போடுவது வண்டை வர விடாமல் செய்யும், ஏற்கெனவே இருப்பதைக் கொல்லாது.

பாட்டில்களை வகுப்பறையில் திறக்காதீர்கள். ஃபார்மலின் கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. சாக்கடையில் ஊற்றவும் கூடாது. பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து ஆள் வரட்டும்.

சீட்டு இல்லாதவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இருக்கிறதைக் கட்டாயம் போடாதீர்கள், உடம்பு தூளாகி ஊசி மட்டும் மிஞ்சினாலும் சரி. பூச்சியானால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. தவளைக்குச் சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு எழுதிப் பாருங்கள். இடம் மாற்றும் முன் ஒவ்வொன்றையும் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். பாட்டிலுக்கு வெளியே ஒட்டிய சீட்டையும் உள்ளே மிதக்கும் சீட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் உள்ளே இருப்பதை நம்புங்கள். வெளியே ஒட்டியது எப்போதோ விழுந்து, யாரோ பாட்டில் மாற்றி ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பதைப் படிக்க முடியவில்லை என்றால் இடுக்கி போட்டு இழுக்காமல் கண்ணாடி வழியாகவே படம் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். நானும் என் பூதக்கண்ணாடியும் இப்போது சும்மாதான் இருக்கிறோம்.